பேட்டரி தேய்ந்தால் காரையே மாற்றச் சொல்லாதீர்கள்: மின்கார் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்கார்களும் ஹைபிரிட் கார்களும் தயாரிக்கும் நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

போன மாதம் என் காரை உங்களில் ஒருவருடைய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். சாவியை வாங்கியவர் காரின் பக்கம் திரும்பக்கூட இல்லை. கம்ப்யூட்டரில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பழைய மாடல் சார். இதுக்கு இனிமே செலவு பண்ணாதீங்க. எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படிச் சொல்லும்படி அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

அவர் பார்க்காமலே தள்ளிவிட்ட காரைப் பற்றி நானே சொல்கிறேன். 11 வருடமாக ஓட்டுகிறேன், 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மோட்டாரைத் திறக்க வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை. அதில் சுழலுகிற பாகம் ரோட்டர் ஒன்றுதான், தேய்வதற்கு இருப்பது இரண்டு பேரிங். கியர் பெட்டியில் ஒரே ஒரு விகிதம். ஒரு முறை ஆயில் மாற்றினேன். மோட்டார் பாதி பிரேக் வேலையைப் பார்த்துக்கொள்வதால் பிரேக் பேடுகூட ஒரு தடவைதான் மாறியது. தரைத்தகட்டில் துரு இல்லை, கதவு இன்றும் முதல் நாள் போல ஒரே தள்ளில் சாத்திக்கொள்கிறது. கெட்டுப்போனது பேட்டரி மட்டும்.

அதுவும் முழுக்கக் கெடவில்லை. எட்டு வருட உத்தரவாதம் முடிந்து சில மாதங்களில் ரேஞ்ச் சட்டென்று இறங்கியது. புதிதில் 130 கிலோமீட்டர் போனது, 75-க்கு வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகி, செல்பேசியில் பார்த்தேன். 96 செல் தொகுப்புகளின் வோல்டேஜும் 96 குச்சிகளாகத் திரையில் வரிசைகட்டி நின்றன. சமதளத்தில் எல்லாம் ஒரே உயரம். மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், 93 குச்சிகள் கொஞ்சம் இறங்கி நிற்க, மூன்று மட்டும் பொத்தென்று விழுந்தன. பாலத்தைத் தாண்டி இறங்கியதும் அவை மெல்ல எழுந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டன. இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு வாரம் பார்த்தேன். எப்போதும் விழுவது அதே மூன்றுதான்.

செல்கள் தொடராக இணைந்திருக்கின்றன. அதனால் எந்தச் செல் முதலில் கீழ் எல்லையைத் தொடுகிறதோ, அது தொட்டவுடன் மொத்த பேட்டரியும் நின்றாக வேண்டும். மற்ற 93-இல் மிச்சம் இருந்தாலும் அதை எடுக்க முடியாது. உங்கள் பொறியாளர்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த இந்த விஷயத்தை உங்கள் சர்வீஸ் மேசை என்னிடமிருந்து மறைத்தது என்பதற்காகச் சொல்கிறேன். "எந்த மாட்யூல் வீக் என்று பாருங்கள், அதை மட்டும் மாற்றுங்கள்" என்று கேட்டேன். மாட்யூல், அதாவது சில செல்கள் சேர்ந்த சிறு பெட்டி, தனியாக விற்பதில்லை என்றார்கள். முழு பேட்டரி கேட்டேன். ஒரு மதிப்பீடு கொடுத்தார்கள். அது காரின் அன்றைய விற்பனை மதிப்பைவிட அதிகம். சரி, அதையே கொடுங்கள் என்றதற்கு, இரண்டு மாதம் கழித்து, அந்த பாகம் இனி வராது என்று பதில் வந்தது. அப்புறம் எக்ஸ்சேஞ்ச் ஆள் வந்தார். மதிப்பீட்டுத் தாளில் 'பேட்டரி' என்று எழுதியிருந்த கட்டத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டார்.

அந்தப் பூஜ்யத்தைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த பேட்டரி இன்று எங்கே இருக்கிறது என்று பின்னால் சொல்கிறேன்.

புது பேட்டரி போட்டால் பழைய கார் ஓடுமா என்பது ஆராய்ச்சிக் கேள்வியே இல்லை. உங்களில் சிலர் செய்து காட்டிவிட்டீர்கள். டெஸ்லா தன் முதல் ரோட்ஸ்டரை விற்கத் தொடங்கியது 2008-இல், 53 கிலோவாட் மணி பேட்டரியோடு (கிலோவாட் மணி என்பது பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு). அதே இடத்தில் அடங்குகிற, ஏறத்தாழ 70 கிலோவாட் மணி கொண்ட மாற்றுப் பேட்டரியை 2014 டிசம்பரில் அறிவித்தது. பிஎம்டபிள்யூ 2016-இல் தன் ஐ3 மின்காருக்குப் பெரிய பேட்டரி கொண்டுவந்தபோது, முதலில் வாங்கியவர்களும் மாற்றிக்கொள்ளச் சில சந்தைகளில் வழி செய்தது. ரெனோ ஸோயியின் பேட்டரி 22-இலிருந்து 41 கிலோவாட் மணிக்குப் போனபோதும் பழைய வாடிக்கையாளர்களைப் பற்றிய பேச்சு இருந்தது. நிஸானும் சுமிடோமோவும் சேர்ந்து 2010-இல் தொடங்கிய 4ஆர் எனர்ஜி, 2018-இல் ஜப்பானின் நமியே ஊரில் ஒரு ஆலை திறந்து, நிஸானின் லீஃப் மின்காரிலிருந்து வந்த பழைய பேட்டரிகளைப் பிரித்து, நல்ல மாட்யூல்களைப் பொறுக்கிச் சேர்த்து மறுபடி விற்கத் தொடங்கியது. சீனாவின் நியோ கார்களில் 70 கிலோவாட் மணி பேட்டரியோடு வாங்கியவர், 100 கிலோவாட் மணி பேட்டரிக்கு மாறிக்கொள்ளலாம். பேட்டரி மாற்று நிலையத்தில் சில நிமிட வேலை.

முடியும் என்று நீங்களே நிரூபித்ததை, உங்கள் மற்ற மாடல்களை வாங்கியவர்களுக்கு ஏன் தர மறுக்கிறீர்கள்? பத்து வருடத்தில் செல்லின் ஆற்றல் அடர்த்தி கூடியிருக்கிறது. அன்று 24 கிலோவாட் மணி அடங்கிய பெட்டியில், ஏறத்தாழ அதே எடையில், இன்று 40 அடங்குகிறது. லீஃப் காரின் அடுத்த தலைமுறையே இதற்குச் சாட்சி. ஒரு கிலோவாட் மணி பேட்டரியின் உலக சராசரி விலை 2010-இல் இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிட்டது. செல் மலிவாகிறது, சிறிதாகிறது. மாற்றுப் பேட்டரியின் விலை மட்டும் ஏன் பத்து வருடத்துக்கு முந்தைய இடத்திலேயே நிற்கிறது? பாகம் ஏன் கிடைக்காமல் போகிறது?

எனக்கு என்ன நடந்தது என்பதற்குத் திரும்புகிறேன்.

மின்கார் வேலை தெரிந்த ஒரு தனி மெக்கானிக்கிடம் போனேன். 400 வோல்ட் விஷயத்தில் துளிகூட அலட்சியம் இல்லாதவர். பேட்டரியின் மின்தொடர்பைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், வேறு யாரும் தெரியாமல் செருகிவிடக் கூடாது என்று. கால் மணி நேரம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்து, ரப்பர் கையுறைக்கு மேல் தோல் கையுறை மாட்டிக்கொண்டுதான் போல்ட்டில் கை வைத்தார். விபத்தில் முன்பக்கம் நசுங்கிப்போன, என் காரின் அடுத்த தலைமுறை வண்டி ஒன்றிலிருந்து எடுத்த பெரிய பேட்டரி அவரிடம் இருந்தது. ஜாக்கியில் ஏற்றிக் காரின் அடியில் தூக்கிப் பொருத்தினோம். எல்லா போல்ட் துளையும் நேராக உட்கார்ந்தது. பிளக்கும் அதே வடிவம். இரண்டு தலைமுறைக்கும் ஒரே அளவில் அடித்தளம் போட்ட உங்கள் வடிவமைப்பாளர்களை அந்த நேரத்தில் மனதாரப் பாராட்டினேன்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். பேட்டரியைக் காரோடு இணைக்கிற பெரிய சுவிட்சான கான்டாக்டர் 'டக்' என்று மூடுகிற சத்தம் வரவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது.

காரணம் மின்சாரத்தில் இல்லை. பேட்டரிக்குள் இருக்கும் மேலாண்மைக் கணினி, காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கம்பியான கேன் பஸ்ஸில் பேசுகிற செய்தி, காருக்குத் தெரிந்த பழைய செய்தியோடு பொருந்தவில்லை. அதோடு, அந்த பேட்டரியின் அடையாள எண் இந்தக் காரோடு பதிவாகவில்லை. பதிவு செய்கிற மென்பொருள் உங்கள் சர்வீஸ் சென்டரில் மட்டும்தான். மெக்கானிக் இரண்டுக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டை வைத்தார். அதன் வேலை மொழிபெயர்ப்பு: புது பேட்டரி சொல்வதைப் பழைய காருக்குப் புரிகிற மாதிரி சொல்லும். மறுபடி அழுத்தினேன், 'டக்'. கார் கிளம்பியது. முழு சார்ஜில் 210 கிலோமீட்டர். வாங்கிய நாளில்கூட இந்தக் கார் அவ்வளவு தூரம் போனதில்லை.

14 மாதம் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஏர்பேக் சம்பந்தமான ஒரு திருத்தத்துக்காக நீங்களே கடிதம் போட்டு அழைத்தீர்கள். பாதுகாப்பு விஷயம் என்பதால் உடனே போனேன். போன மாதம் நான் வந்தது அதற்குத்தான். சாயங்காலம் காரை எடுத்தேன், வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் சொருகினேன். அங்கீகரிக்கப்படாத பேட்டரி என்று திரை சொன்னது. ஏர்பேக்கைத் தொட்டவர்கள், என்னிடம் கேட்காமல் காரின் மற்ற மென்பொருளையும் புதுப்பித்திருக்கிறார்கள். வீட்டில் மெதுவாகச் சார்ஜ் ஏறுகிறது, ஃபாஸ்ட் சார்ஜிங் போய்விட்டது. திரும்பிப் போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதிலைத்தான் முதல் பத்தியில் எழுதினேன்.

உயிர் காக்கிற திருத்தத்தோடு சேர்த்து இந்தப் பூட்டைப் போட்டால், அடுத்த முறை பாதுகாப்புக்காக நீங்கள் அழைக்கும்போது மக்கள் வரத் தயங்குவார்கள். இதை யோசித்துத்தான் செய்தீர்களா?

பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம் என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தக் கவலை நியாயமானது, நான் தள்ளிவிட மாட்டேன். மோதிய வண்டியின் பேட்டரியில் உள்காயம் இருக்கலாம். மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கிற காப்பு சரியில்லாத பேட்டரியைத் தெரியாத ஆள் மாட்டினால் தீப்பிடிக்கலாம். எடை கூடினால் சஸ்பென்ஷனும் பிரேக்கும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும், மோதல் சோதனையில் தேறிய உடல் அமைப்பு மாறக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் சோதனை முறை வைக்கலாம்: காப்பு எதிர்ப்பு அளவு, செல்களின் சமநிலை, சார்ஜ் ஏறும்போது வெப்பநிலை, பெட்டிக்குள் கசிவு இல்லை என்ற அழுத்தச் சோதனை. இவற்றில் தேறினால் பதிவு செய்து கொடுங்கள், தேறாவிட்டால் மறுத்துவிடுங்கள். சோதிக்கவே மாட்டேன், எண் பொருந்தவில்லை, அதனால் ஆபத்து என்பதை எப்படி ஏற்பது? மெக்கானிக்கின் காப்புச் சோதனைத் தாளை உங்கள் மேசையில் வைத்தேன். யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

எல்லாரும் பழைய காரையே கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடித்தளம் துருப்பிடித்த காருக்கோ, மோதி வளைந்த காருக்கோ புது பேட்டரி போடுவது வீண். குடும்பம் பெருத்தவர்களுக்குப் பெரிய வண்டி வேண்டும். புது மாடலில் தானாகப் பிரேக் போடும் வசதி இருக்கிறது. அதற்காக ஒருவர் மாற விரும்பினால் அது நல்ல காரணம். பழைய காரின் ஃபாஸ்ட் சார்ஜிங் பிளக் சாடெமோ வகை என்றால், புதிதாக வைக்கிற சார்ஜர்களில் பல ஊர்களில் அது இருப்பதில்லை. பேட்டரி மாற்றினாலும் அந்தத் தொல்லை தீராது. ஒரு மாட்யூலை மட்டும் மாற்றினால், மற்றவை எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கின்றனவோ அந்த அளவுக்குத்தான் பலன் என்பதும் தெரியும். இதையெல்லாம் எடைபோட்டு முடிவு செய்ய வேண்டியது காரின் சொந்தக்காரர். தராசின் ஒரு தட்டை நீங்கள் எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, 'வாடிக்கையாளரே புதுசு எடுத்தார்' என்று கணக்கு எழுதிக்கொள்கிறீர்கள்.

ஹைபிரிட்டிலும் இதே கதைதான். என் அக்காவின் ஹைபிரிட் காரில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பேட்டரி போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். அதே மெக்கானிக் பின்சீட்டின் பக்கத்தில் இருந்த காற்றுத் துளையின் மூடியைக் கழற்றிக் காட்டினார். பேட்டரியைக் குளிரவைக்கிற விசிறியின் இறக்கைகளில் தூசியும் முடியும் கம்பளி மாதிரி ஒட்டியிருந்தன. அக்கா வளர்க்கும் நாயின் முடி. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்குச் சூடுதான் பெரிய எதிரி. வருடத்துக்கு ஒரு முறை அந்த விசிறியைச் சுத்தம் செய்திருந்தால் போதும். பத்து வருடம் உங்களிடமே சர்வீஸ் விட்டவர் அவர். ஒரு பில்லில்கூட அந்த விசிறி இல்லை. டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸின் இரண்டாம் தலைமுறையில் 28 மாட்யூல்கள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. அக்காவின் வண்டி வேறு, ஆனால் கட்டமைப்பு அதே மாதிரிதான். நடுவில் இருந்த இரண்டு மாட்யூல்களைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் இருப்பவைதானே அதிகம் சூடாகும், அதுவும் அவர் காட்டித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் உங்களிடம் கேட்டாக வேண்டும், ஏனென்றால் சுற்றுச்சூழல் என்று சொல்லித்தான் இந்தக் காரை எனக்கு விற்றீர்கள். ஸ்வீடனின் ஐவிஎல் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 2019-இல் போட்ட கணக்குப்படி, ஒரு கிலோவாட் மணி லித்தியம் அயன் பேட்டரி செய்ய 61 முதல் 106 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு வெளியாகிறது. 40 கிலோவாட் மணி என்றால் இரண்டரை முதல் நாலேகால் டன். புது கார் என்றால் இதோடு எஃகு, அலுமினியம், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் சேரும், பேட்டரியும் பெரும்பாலும் 40-ஐவிடப் பெரிதாக இருக்கும். விபத்துக் காரிலிருந்து எடுத்த பேட்டரியை என் காரில் போட்டதால் புதிதாக ஒரு செல்கூடச் செய்ய வேண்டியிருக்கவில்லை. உங்கள் ஆண்டறிக்கையின் பசுமைப் பக்கங்களில் இப்படிப்பட்ட கார்களுக்கு ஒரு வரியாவது உண்டா?

சட்டம் மெல்ல இந்தப் பக்கம் நகர்கிறது. ஐநா வாகன விதிகள் குழு 2022-இல் ஏற்ற உலகத் தொழில்நுட்ப விதி எண் 22, கார் பேட்டரி புதிதில் இருந்த கொள்ளளவில் 5 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதமும், 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதமும் தக்கவைத்திருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி ஒழுங்குமுறை, பேட்டரியின் ஆரோக்கியத் தகவலைப் பார்க்கும் உரிமையை வாங்கியவருக்குத் தருகிறது. 2027 பிப்ரவரி 18 முதல் மின்கார் பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். அதே ஒழுங்குமுறை மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களின் பேட்டரியை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல் உட்பட, தனி மெக்கானிக் கழற்றி மாற்றக்கூடியதாகச் செய்ய வேண்டும் என்கிறது. சைக்கிள் பேட்டரிக்கு இந்த உரிமையைக் கொடுத்த சட்டம், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கார் பேட்டரிக்குக் கொடுக்கவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களாகச் செய்யலாம் என்பதால்தான் சட்டசபைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பூஜ்யம் போட்ட பேட்டரி எங்கே என்று சொல்வதாகச் சொன்னேன். மெக்கானிக் அந்த மூன்று செல் தொகுப்புகளை எடுத்துவிட்டு, மீதியைப் பிரித்து ஓர் இரும்பு அலமாரியில் அடுக்கி, சோலார் தகடுகளோடு இணைத்திருக்கிறார். இரவில் அவருடைய பட்டறையின் விளக்கும் விசிறியும் அதில்தான் ஓடுகின்றன. அலமாரியின் மேல் ஒரு சின்னத் திரை. போன வாரம் போனபோது அதில் 93 குச்சிகளும் ஒரே உயரத்தில் நின்றன.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலில், எந்த மாடலாக இருந்தாலும் கடைசி கார் விற்ற நாளிலிருந்து குறைந்தது 15 வருடம் மாற்றுப் பேட்டரியும் தனி மாட்யூலும் கிடைக்கும்படி செய்யுங்கள். பழைய செல் நின்றுவிட்டால், அதே பெட்டியில் இன்றைய செல்லைப் போட்டு, இன்றைய செல்லின் விலைக்குத் தாருங்கள்.

பேட்டரியைக் காரோடு பதிவு செய்யும் மென்பொருளைப் பயிற்சி பெற்ற தனி மெக்கானிக்குகளுக்கும் நியாயமான கட்டணத்தில் திறந்துவிடுங்கள். என்னென்ன சோதனையில் தேற வேண்டும் என்று எழுத்தில் வெளியிடுங்கள். தேறிய பேட்டரியை எண்ணைக் காரணம் காட்டி மறுக்காதீர்கள்.

பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாகக் கொடுங்கள். அதோடு வேறு எதையாவது மாற்றுவதாக இருந்தால், என்ன மாறும் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் மதிப்பீட்டில் பேட்டரியை அளந்து பாருங்கள். மிச்சமிருக்கும் கொள்ளளவைத் தாளில் எழுதி, அதற்கான விலையைச் சேருங்கள். காரை மாற்றச் சொல்லும் ஒவ்வொரு முறையும், பேட்டரியை மட்டும் மாற்றினால் எவ்வளவு ஆகும் என்பதையும் அதே தாளில் பக்கத்திலேயே எழுதுங்கள். ஹைபிரிட் பேட்டரியின் விசிறியைச் சுத்தம் செய்வதை வழக்கமான சர்வீஸ் பட்டியலில் சேருங்கள்.

கடைசியாக, உங்களில் என் காரைச் செய்தவர் யாரோ அவருக்கு: என் வண்டி எண்ணும் சோதனைத் தாளும் உங்கள் சர்வீஸ் சென்டரில் இருக்கின்றன. 30 நாளுக்குள் அந்த பேட்டரியை நீங்களே சோதியுங்கள். சரியாக இருந்தால் ஃபாஸ்ட் சார்ஜிங்கைத் திரும்பத் தாருங்கள். சரியில்லை என்றால் எந்தச் சோதனையில், எந்த அளவில் தவறியது என்று எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
11 வருடமாக உங்கள் காரை ஓட்டும் ஒரு வாடிக்கையாளர்